மறுபடியும் அதே கோளாறு!

கோளாறுகளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று விருந்தாளி மாதிரி. வரும், இரண்டு நாள் தொந்தரவு கொடுக்கும், சொல்லிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பொங்கல் வரையில் டேரா போடுகிற மாதிரி. மரியாதையாக வழியனுப்பி வைத்தாலும் அடுத்த மாதமே பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நிற்கும். தையல் மிஷினில் நூல் அறுவது, குழாயில் சொட்டுவது, கதவு கீச்சிடுவது எல்லாம் இந்த இரண்டாவது ரகந்தான். ரிப்பேர்க்காரர் வருவார், தட்டுவார், காசு வாங்கிக்கொண்டு போவார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடியும் அதே கோளாறு!

இப்படிப்பட்ட கோளாறுகளின் ரகசியத்தை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு இந்த வாரம் பார்க்கலாம். "நமக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். இந்தக் காருக்கும் நம் சென்னைப் பட்டணத்துக்கும் உறவுமுறையே உண்டு. அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

காரின் பெயர் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் ஸ்டாண்டர்ட் டிரையம்ப் கம்பெனி செய்தது. இத்தாலியச் சிற்பியான மிக்கெலோட்டி உருவம் வரைந்து கொடுத்தார். ஆனால் அந்தச் சமயம் கம்பெனிக்குப் பணமுடை. செய்து முடித்த மாதிரி வண்டியைத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். 1961ல் லேலண்ட் கம்பெனியார் நிர்வாகத்தை வாங்கிக்கொண்டு, சொத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது, "இதென்ன?" என்று துணியை விலக்கினார்கள். பெண் பிடித்துப்போயிற்று! 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வண்டி அரங்கேறியது. 1980ல் உற்பத்தி நிற்கும் வரையில் சுமார் 3 லட்சத்து 14 ஆயிரம் வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் எத்தனையோ வண்டிகளை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்றைக்கும் குழந்தை மாதிரி போற்றி வளர்க்கிறார்கள். குழந்தை என்றால் காய்ச்சலும் இருமலும் இல்லாமலா?

வெண்ணெய் வேண்டாம், எண்ணெய் போதும்

முதலில் உயிருக்கே உலை வைக்கக்கூடிய கோளாறு. இந்த வண்டியின் முன் சக்கரங்களைத் தாங்கி நிற்பது ஓர் எஃகுத் தண்டு. அதன் அடிப்பாகத்தில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, 'ட்ரன்னியன்' என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஊறுகாய் ஜாடியும் திருகு மூடியும் போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம், மூடியை அரைச் சுற்று இப்படியும் அரைச் சுற்று அப்படியும் திருகுவது போல, தண்டு அந்தக் கட்டைக்குள் சுழலும். வண்டியின் பாரம் தலைமேல் இருக்கும்போதே இந்த வேலை நடக்க வேண்டும். அதிலும் இந்த வண்டி சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுவதும் திரும்பிவிடும் சமர்த்து. ஆகவே மரைக்கு வேலை அதிகம்.

கம்பெனியார் கைப்புத்தகத்தில் தெளிவாக எழுதிவைத்தார்கள்: இந்த இடத்துக்குக் கியர் ஆயில் போடவேண்டும், கிரீஸ் கூடாது. சுமார் 6,000 மைலுக்கு ஒரு தடவை போட்டால் போதும். ஆனால் எண்ணெயை உள்ளே செலுத்துவதற்கு உபயோகிக்கும் கருவி என்ன தெரியுமோ? கிரீஸ் கன்! கிரீஸ் கன்னைக் கையில் எடுத்த மெக்கானிக் வேறு எதைப் போடுவார்? "எண்ணெயைவிடக் கிரீஸ் கெட்டியானது, உசத்தியானது, ஒழுகாது" என்று தாராளமாகக் கிரீஸையே அடைத்துவிடுவார்.

அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது. எண்ணெய் என்றால் மரையின் நுணுக்கமான இடுக்குகளிலெல்லாம் இறங்கி அடிவரைக்கும் போகும். கிரீஸோ, குறுகின கழுத்துள்ள பாட்டிலில் அடைத்த வெண்ணெய் மாதிரி, மேலேயே நின்றுவிடும். நாளடைவில் காய்ந்து கட்டியாகும். அடியில் மழைத் தண்ணீர் புகுந்து எஃகு துருப்பிடிக்கும். வெண்கலக் கட்டை இறுகிக்கொண்டு தண்டைச் சுழல விடாது. ஸ்டியரிங் கனக்கிறது என்று ஓட்டுகிறவர் சொல்லுவார். "டயரில் காற்றுக் குறைவு" என்று காற்றடித்து அனுப்புவார்கள். மறு மாதமும் கனக்கும், மறுபடியும் காற்று. ஒரு நாள் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது, தண்டு மரையின் பக்கத்தில் பட்டென்று முறிந்துவிடும். சக்கரம் மடங்கி, வண்டி மண்டியிட்டுவிடும். அது வீட்டு வாசலில் நடந்தால் பூர்வ புண்ணியம். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பரிகாரம் எவ்வளவு? கால் படி எண்ணெய்கூட வேண்டாம். கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி, அதில் கியர் ஆயிலை நிரப்பி, மேல் ரப்பரின் ஓரமாகப் புது எண்ணெய் கசிகிற வரையில் அழுத்தவேண்டும். ஏற்கெனவே கிரீஸ் அடைத்த வண்டியானால் கட்டையைக் கழற்றிப் பழசைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு, மரையில் துருப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். விழுந்திருந்தால் தண்டையே மாற்றிவிட வேண்டியதுதான். அதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. ஒரு சங்கதி: வலது பக்கத்து மரையும் இடது பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் திருகுபவை. இடம் மாற்றிப் பூட்ட முயலக்கூடாது.

காலை எடுங்கள், ஐயா!

இரண்டாவது கோளாறு, வண்டியில் இல்லை. ஓட்டுகிறவரின் இடது காலில் இருக்கிறது.

எஞ்சினுக்குள் சுழலும் பெரிய தண்டான கிராங்க் ஷாப்ட் முன்னும் பின்னும் நகராமல் இருக்கவேண்டும். அதற்காக, பிறைச் சந்திரன் போல இரண்டு மெல்லிய உலோகத் துண்டுகளைப் பின்பக்கத்துப் பேரிங்கின் இரு பக்கமும் சொருகி வைத்திருக்கிறார்கள். கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் அந்தப் பெரிய தண்டு முன்னால் தள்ளப்படுகிறது. தள்ளுகிற பாரம் முழுவதையும் ஒரு பிறைதான் தாங்குகிறது.

சிலருக்குச் சிவப்பு விளக்கு எரியும்போது கியரை நியூட்ரலில் போட மனசே வராது. கிளச்சை மிதித்தபடியே நிற்பார்கள். சிலர் ஓடும்போதும் காலைக் கிளச்சின்மேல் சொகுசாக வைத்திருப்பார்கள். பிறை தேயும். நிஜப் பிறையானால் தேய்ந்த பிறகு வளரும்; இது வளராது! ஓர் அளவுக்கு மேல் தேய்ந்ததும் இடத்தைவிட்டு நழுவிக் கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும. அப்புறம் எஃகும் இரும்பும் நேருக்கு நேர் உராய்ந்து, எஞ்சின் உடம்பையே தின்றுவிடும். சில ரூபாய் பெறுமான துண்டுக்காக முழு எஞ்சினையும் இழந்தவர்கள் உண்டு.

இதைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். தம்பதிகளாக இருந்தால் விசேஷம். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளச்சை மிதித்து மிதித்து விடவேண்டும். மற்றவர் முன்னால் குனிந்து, எஞ்சினின் முன்பக்கத்துக் கப்பியைப் பார்க்கவேண்டும். அனுமதித்த இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆகையால் கப்பி முன்னும் பின்னும் போய்வருவது வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தால், அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டியது. வழக்கமாகக் கணவன்மார் குனிந்து பார்ப்பார்கள், மனைவிமார் மிதிப்பார்கள். மாற்றிக்கொண்டால் நல்லது என்பது என் அபிப்பிராயம். அரிசியில் கல் பொறுக்கிப் பழகின கண்ணுக்கு இது எம்மாத்திரம்?

பிறைகளை மாற்ற எஞ்சினை இறக்க வேண்டாம். அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் போதும். ஆனால் பிறையின் ஒரு முகத்தில் எண்ணெய் ஓடுவதற்குப் பள்ளங்கள் இருக்கும். அந்த முகம் சுழலும் தண்டைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் சீக்கிரத்திலேயே பழைய கதைதான். "போன வருஷந்தானே மாற்றினோம்!" என்று புலம்புகிறவர்கள் முதலில் விசாரிக்கவேண்டியது இரண்டு: பள்ளம் எந்தப் பக்கம்? கால் எந்த இடத்தில்?

சூடானால் படுத்துவிடும்

மூன்றாவது, மர்மக் கதை. வண்டி ஜோராக ஓடும். வெயில் வேளையில் கடை வாசலில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் கிளம்பாது. அரைமணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் எதிரில் ஒரு தப்பும் செய்யாது. பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு மட்டும் சமர்த்தாயிருக்கும் பையனைப் போல!

இதற்குச் சந்தேகப்பட வேண்டிய குற்றவாளிகள் இரண்டு பேர். ஒன்று பெட்ரோல். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் காற்றோட்டம் நின்று, அடுப்பு மேடையில் வைத்த பாத்திரம் போலக் கார்புரேட்டர் சூடேறி, பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. இன்னொரு குற்றவாளி, மின்பொறியைச் சீராக்கும் கண்டென்ஸர் என்னும் சின்னக் குப்பி. பழுதானது சூட்டில் மயங்கும், ஆறினதும் தெளியும். அடையாளம் இரண்டுக்கும் ஒன்றே. ஆகையால்தான் பெட்ரோல் குழாயை மாற்றினவருக்கும் பலன் இல்லை, பிளக்கை மாற்றினவருக்கும் பலன் இல்லை.

துப்பறியும் வழி சுலபம். வண்டி படுத்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கவேண்டும். எழுந்த பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரை மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சினின் இரும்பைத் தொடும்படி பெட்ரோல் வாடை இல்லாத இடமாக வைத்து, எஞ்சினைச் சுழற்றச் சொல்லவேண்டும். கைபடாமல் இருக்கட்டும், ஷாக் அடிக்கும். பளிச்சென்று நீலப் பொறி தெறித்தால் கண்டென்ஸர் நிரபராதி, பெட்ரோல்தான் குற்றவாளி. பொறி இல்லையென்றால் தீர்ப்பு தலைகீழ். பெட்ரோலானால், கார்புரேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே இருக்கவேண்டிய தகட்டை யாராவது கழற்றி எறிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். முக்கால்வாசி வண்டிகளில் ஏதோ ஒரு ரிப்பேரில் கழன்ற சாமான் ஏதோ ஒரு பரணில்தான் இருக்கும்.

கண்டென்ஸர், ரோட்டர் போன்ற சின்னச் சாமான்களைப் புதிதாக வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்தக் காலத்தில் பழைய வண்டிகளுக்கென்று வருகிற சில மலிவுச் சரக்குகள் ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. ஆகவே அனுபவஸ்தர்கள், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பழைய சாமானைத் தூர எறியாமல் டிக்கியில் போட்டு வைத்திருப்பார்கள். பழைய பாத்திரக்காரனிடம் அவசரப்பட்டுப் போட்டுவிடாமல் வெண்கல உருளியைப் பத்திரப்படுத்துகிற மாமியார்களின் புத்தி அது.

ரப்பர் குழாய்களையும் கவனிக்கவேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். நம் நாட்டில் 20 சதவீதம். பழைய ரப்பருக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. ஊறி இளகிப் பிளந்து, சூடான எஞ்சினின்மேல் பெட்ரோல் சொட்டும். எத்தனாலைத் தாங்குகிற புதுரகக் குழாயாக மாற்றிவிடுவது ஒன்றே வழி. பெட்ரோல் வாடை வந்தால், "அது பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று யார் சமாதானம் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நம்ம ஊர் உறவு

இப்போது உறவுமுறைக்கு வருகிறேன். ஸ்பிட்ஃபயருக்கு அஸ்திவாரம், 1959ல் வந்த டிரையம்ப் ஹெரால்ட் என்ற குடும்பக் காரின் சட்டந்தான். அதையே குட்டையாக்கிப் போட்டார்கள். அந்த ஹெரால்டைத்தான் சென்னைக்கு அடுத்த வண்டலூரில் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில் செய்தார்கள். ஆக, அறுபதுகளில் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போன அந்தச் சாதுவான வண்டிக்கு, சீமையில் ஸ்பிட்ஃபயர் என்று ஒரு துடுக்குக்காரத் தங்கை! முன் சக்கரத்து வெண்கலக் கட்டை இருவருக்கும் பொது. சென்னையில் ஹெரால்டை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள், எண்ணெய்ச் சமாசாரத்தை மறுபடி ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

இரண்டுக்கும் பொதுவான இன்னொரு குறை, பின் சக்கரம். நமது வில்வண்டியின் வில்லைப் போல ஒரே ஒரு பட்டை வில் குறுக்கே கிடக்கும். அதன் இரு நுனியிலும் சக்கரங்கள் தொங்கும். வளைவில் வேகமாகப் போகும்போது ஓட்டுகிறவர் பயந்துபோய்ச் சட்டென்று காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் உயர்ந்து வெளிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வில் தளர்ந்திருந்தால் இன்னும் ஆபத்து. இதை எந்தப் பட்டறையிலும் முழுக்க ரிப்பேர் செய்ய முடியாது. ஏனென்றால் அது தேய்மானம் அல்ல, பிறவிக் குணம். கம்பெனியாரே 1970ல் வில்லைக் கட்டும் முறையை மாற்றி, அதன் பட்டைகள் நடுவில் அசைந்துகொடுக்கும்படி செய்த பிறகுதான் சரியாயிற்று. சென்னையில் வேறு வழியாகத் தீர்த்தார்கள். 1972ல் வந்த 'கெஸல்' வண்டியில் பின்பக்கத்துக்கு ஒரே நேரான அச்சைப் போட்டுவிட்டார்கள். பழைய அமைப்புள்ள வண்டியை ஓட்டுகிறவருக்கு ஒரே புத்திமதி: வேகத்தை வளைவுக்கு முன்னால் குறையுங்கள்; வளைவுக்குள் அல்ல.

ஒரு வளையத்தின் மகிமை

ஸ்பிட்ஃபயர் என்ற பெயர், இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டனைக் காத்த சண்டை விமானத்தின் பெயர். அந்த விமானத்துக்கும் ஒரு தீராத கோளாறு இருந்தது. அதைத் தீர்த்தவர் ஒரு பெண்மணி என்பதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க மனம் வரவில்லை.

1940ல், எதிரியைத் துரத்திக்கொண்டு விமானத்தின் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் எஞ்சின் மூச்சடைத்துப்போகும். பெட்ரோலை நேராக உள்ளே பீச்சும் அமைப்புள்ள ஜெர்மன் விமானங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, அவை தப்பிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் கிடைக்காததுதான் காரணம் என்று தோன்றியது. அது பாதி உண்மைதான். ஒரு கணம் பட்டினி. அடுத்த கணமே வெள்ளமாகப் பாயும் பெட்ரோலால் அஜீர்ணம்! எஞ்சினை அதிக நேரம் முடக்கியது இந்த அஜீர்ணமே. ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் என்ஜினீயராயிருந்த பியாட்ரிஸ் ஷில்லிங் அதைக் கவனித்து, பெட்ரோல் வரும் வழியில் துவாரமுள்ள ஒரு சின்ன உலோகத் தடுப்பை வைத்தார். எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் துவாரம் விடும். விமானத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோகாமலே பொருத்தலாம். பின்னால் அது வெறும் வளையமாகவே எளிமையாயிற்று. 1941 மார்ச்சுக்குள் சண்டை விமானங்களில் அதைப் பொருத்திவிட்டார்கள். பூரண குணம் தரும் புதிய கார்புரேட்டர் 1943ல்தான் வந்தது. அதுவரைக்கும் விமானிகளின் உயிரைக் காத்தது ஒரு பெண் போட்ட வளையம். இந்த அம்மையார் யுத்தத்துக்கு முன்பே புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டித் தங்க நட்சத்திரம் வாங்கியவர். தாமும் அந்த நட்சத்திரத்தை வாங்கிய பிறகுதான் கலியாணம் என்று வருங்காலக் கணவருக்கு நிபந்தனை போட்டதாகவும் ஒரு கதை உண்டு!

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கோளாறு எதுவானாலும், அது தெரிகிற இடத்தில் பெரும்பாலும் அதன் வேர் இருப்பதில்லை. கனக்கும் ஸ்டியரிங்கின் வேர் அடியிலிருக்கும் மரையில். தேய்ந்த பிறையின் வேர் ஓட்டுகிறவரின் காலில். நின்றுபோன விமானத்தின் வேர் பட்டினியில் அல்ல, அஜீர்ணத்தில். ஆகவே அடுத்த தடவை மெக்கானிக்கோ, குழாய்க்காரரோ, மிஷின் ரிப்பேர்க்காரரோ வேலையை முடித்துக் கையைத் துடைக்கும்போது, "சரியாகிவிட்டதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் "ஆச்சு அம்மா" என்றுதான் சொல்வார்கள்.

"ஏன் கெட்டுப்போயிற்று?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவருக்கு, கேட்டதற்கு மேல் எட்டணா கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.